ஆட்டுக்கும் கை காட்டுகிறவள்

வெள்ளிக்கிழமையும் கனகாம்பிகை நாலரைக்கே எழும்பினாள். குளித்தாள். புட்டை அவித்து மூடிவைத்தாள். வெள்ளைச் சேலையை உடுத்துக்கொண்டு, பிரசவப் பையைச் சைக்கிளின் காரியரில் வைத்துக் கட்டினாள். பிறகு, கலியாணம் முடித்து வந்த மூன்று வருடமும் ஒருநாளும் தவறாமல் செய்ததைச் செய்தாள். இரண்டு ரயரையும் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாள். பிரேக்கை இறுக்கி விட்டாள். மணியை ஒருதரம் அடித்தாள். வெள்ளை அடித்த பின் மட்காட்டையும் அதிலிருந்த சிவப்புக் கண்ணாடியையும் துணியால் துடைத்தாள். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தாள். சுவரோடு நின்ற சண்முகநாதனின் சைக்கிளையும் கிட்டப்போய் ஒருதரம் பார்த்தாள்.

சண்முகநாதன் கிணற்றடியில் முகம் மழித்துக்கொண்டு நின்றான். கப்பி மரத்தில் கண்ணாடி. கிணற்றுக் கட்டின் மேல் அரிக்கன் லாம்பு. வானம் இன்னும் வெளுக்கவில்லை. ஐந்தே முக்கால்.

படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு அவள் திரும்பி ஒரு வார்த்தை சொன்னாள். ஒரு பக்கக் கன்னத்தில் சவர்க்காரத்தோடு அவன் “ஓம்” என்றான். டைனமோ உராயும் சத்தம் ஒழுங்கை முடியும்வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

ஆறேகாலுக்குப் பாண்காரன் வந்து படலையில் நின்றான். அவனுக்குக் கதை வரவில்லை. மணல் லொறி, சந்தி, மிஸி என்று மூன்று சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னான். அவளைத் தன்னுடைய வானிலேயே ஏற்றி ஆசுபத்திரிக்கு அனுப்பிவிட்டதாகக் கடைசியில்தான் சொன்னான். சண்முகநாதன் தன் சைக்கிளை எடுத்து மிதித்தான். ஐந்து மைல். சந்தியைக் கடக்கும்போது தெருவில் சிந்திக்கிடந்த மணலைப் பார்த்தான். வேறு எதையும் பார்க்கவில்லை.

ஆசுபத்திரி விறாந்தையில் மார்கிரட் நின்றாள். கொழும்புத்துறைக்காரி; கனகத்தோடு ஒன்றாகத் தாதிப் படிப்புப் படித்தவள். அவள் தலையை ஆட்டியதிலேயே விளங்கிவிட்டது. சைக்கிளை எங்கே சாத்துவது என்று தெரியாமல் சண்முகநாதன் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

அவன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். அவள் கரவெட்டிப் பக்கத்து ஒன்பது கிராமத்துக்கு மருத்துவமாது; சனத்துக்கு ‘மிஸி’. கலியாணத்துக்கு மூன்றாம் நாள், கோயிலுக்குப் போவதற்கு அவன் தன் சைக்கிளின் முன் பாரில் துவாயை மடித்துப் போட்டு, ஏறு என்றான். அவள் ஏறவில்லை. ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போவது சட்டத்துக்கு விரோதம் என்றாள். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன்னுடைய சைக்கிளை எடுத்தாள். ஊர் பார்க்க, புது மாப்பிள்ளைக்குப் பின்னால் புதுப்பொம்பிளை தனிச் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனாள். அதைப் பற்றி ஊர் ஆறு மாதம் கதைத்தது.

அதைவிடக் கூடக் கதைத்தது அவள் கையைப் பற்றித்தான். வலப்பக்கம் திரும்புவதென்றால் இரண்டு வீட்டுத் தூரத்துக்கு முந்தியே வலது கையைத் தோளுக்கு நேரே நீட்டிவிடுவாள். விரல்கள் சேர்ந்திருக்கும். உள்ளங்கை முன்னுக்குப் பார்க்கும். திரும்பி முடியும்வரை இறக்கமாட்டாள். பெருந்தெருவில் மட்டுமல்ல, ஆளில்லாத சொந்த ஒழுங்கைக்குத் திரும்பும்போதும் அப்படித்தான். ஒழுங்கை முகப்பில் நல்லம்மா வீட்டு ஆடுகள் மட்டும் நிற்கும். “ஆட்டுக்கும் கை காட்டிற மிஸி” என்று பெயர் விழுந்துவிட்டது. நல்லம்மாவே ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து, “மிஸி, என்ரை ஆடு விளங்கிச்சுதாம், நீங்கள் வாங்கோ” என்றாள். கனகம் இறங்கிநின்று சிரித்தாள். அடுத்த நாளும் கை காட்டினாள்.

மணல் லொறிகளைப் பற்றி அவள் பொலிசுக்கு நாலு கடிதம் எழுதினாள். விடியப்புறத்தில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருகின்றன, சந்தியில் முந்தக்கூடாதென்ற சட்டம் யாருக்காக இருக்கிறது, சைக்கிளில் போகிறவர்கள் தெருவை விட்டு மதவுக்குள் இறங்கவேண்டியிருக்கிறது என்று திகதி, நேரம், லொறி நம்பர் எல்லாம் போட்டு எழுதினாள். நாலாவது கடிதத்துக்குப் பதிலாக ஒரு தபால் அட்டை வந்தது: கவனிக்கப்படும். அடுத்த கிழமை சந்தியில் பொலிஸ் நின்றது. ஒரே பின்னேரத்தில் லைற் இல்லாத பதினொரு சைக்கிள்காரரைப் பிடித்தது. அதில் ஒருவன், பிள்ளைத்தாச்சிப் பெண்சாதியைப் பாரில் வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தவன். கனகம் கான்ஸ்டபிளிடம் போய், “நான் லொறியைப் பற்றியெல்லோ எழுதினனான்” என்றாள். “முதல் இதுகளைத் திருத்துவம் மிஸி, லொறி பிறகு” என்றானாம் அவன். வீட்டுக்கு வந்து ஐந்தாவது கடிதம் எழுதினாள்.

பதினொரு மணிக்கு மாமா வந்து சேர்ந்தார். கனகத்தின் தகப்பன் தம்பிஐயா; தாயில்லாப் பிள்ளையாக அவளை வளர்த்தவர். சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு பிரேத அறைக்குள் போய், கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். அழவில்லை. செய்யவேண்டிய வேலையைப் பற்றிக் கதைத்தார். பறைக்கு ஆள் விட்டாயிற்று. பாடைக்குத் தடி வெட்டுகிறார்கள். விறகு மூன்று மணிக்குள் சுடலைக்குப் போய்விடும். எல்லாம் சொல்லி முடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“தம்பி, பொழுதுபட முந்தி எடுத்துப்போட வேணும். நாளைக்குச் சனி.”

சனிப்பிணம் தனிப்போகாது. அது எல்லோருக்கும் தெரியும். சனியில் எடுத்தால் அந்த வீட்டிலிருந்தோ அயலிலிருந்தோ இன்னொரு உயிரைக் கூட்டிக்கொண்டு போகும் என்று, துணைக்குப் பாடையில் கோழிக்குஞ்சு கட்டுவார்கள். அப்படிக் கட்டியும் ஊர் ஒரு வருடத்துக்கு ஒவ்வொரு காய்ச்சலையும் அந்தப் பிணத்தின் கணக்கிலேயே எழுதும். தன் பிள்ளையைச் சாட்டி ஊர் அப்படிப் பேசுவதைத் தம்பிஐயா விரும்பவில்லை. சண்முகநாதன் “ஓம் மாமா” என்றான். அவனுக்கு வெள்ளியும் சனியும் ஒன்றாகத்தான் இருந்தன.

ஒரு மணிக்கு மரண விசாரணை அதிகாரி வந்தார். ஆழ்வாப்பிள்ளை என்று பெயர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். ஆசுபத்திரிக் கந்தோரில் ஒரு மேசையைத் துடைத்துக் கொடுத்தார்கள். பொலிஸ் சார்ஜன் தன் கொப்பியைத் திறந்து வாசித்தான்.

இறந்தவர் சைக்கிளில் சென்றவர். சந்தியை அண்மித்தபோது எதுவித சைகையும் காட்டாமல் சடுதியாக வலப்பக்கம் திரும்பினார். பின்னால் வந்த லொறிச் சாரதிக்கு நிறுத்த அவகாசம் இருக்கவில்லை.

ஆழ்வாப்பிள்ளை அதை எழுதிக்கொண்டார். சண்முகநாதனின் பெயர், வயது, உத்தியோகம் கேட்டார். இறந்தவர் உங்கள் மனைவி என்று அடையாளம் காண்கிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றான். வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடத் தாளைத் திருப்பி வைத்தார். போட்டால் ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தம்பிஐயா வாசலில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்முகநாதன் பேனையை எடுத்தான். மற்றவனின் விடைத்தாளைப் போல அதை ஒருமுறை வாசித்தான். இரண்டாவது வரியில் நின்றுவிட்டான்.

“அவ கை காட்டேல்லையெண்டு ஆர் சொன்னது?”

“லொறிக்காரன்” என்றான் சார்ஜன். “வேறை கண்ட சாட்சி இல்லை, மாஸ்ரர். விடியப்புறம். பாண்காரனும் பிறகுதான் வந்தவன்.”

“அவ கை காட்டுறவ.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்.” சார்ஜன் கொஞ்சம் நிறுத்தி, ஏதோ நினைவு வந்தவன்போல் கேட்டான். “உந்தக் கடிதம் எழுதிற மிஸியோ?”

“ஓம். அஞ்சு கடிதம்.”

சார்ஜன் கொப்பியைப் பார்த்தான்.

தம்பிஐயா உள்ளே வந்து மருமகனின் தோளில் கை வைத்தார். வெளியே கூட்டிக்கொண்டு போனார். எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும் என்றார். போன உயிர் திரும்பி வராது. தாளில் என்ன கிடக்கிறது என்று ஆர் பார்க்கப்போகிறான். பொழுது இறங்குகிறது. “கை காட்டினாளோ காட்டேல்லையோ, என்ரை பிள்ளையைச் சனிக்கு வைக்காதையுங்கோ தம்பி.”

கிழவர் இவ்வளவு கெஞ்சிச் சண்முகநாதன் கண்டதில்லை. உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் திரும்பினான். விறாந்தைத் தூணோடு மார்கிரட் நின்றாள். கையில் ஒரு எனாமல் தட்டம். மேலே வெள்ளைத் துணி.

அவளைத் துடைக்கும்போது நான்தான் நின்றேன் என்று மார்கிரட் சொல்லத் தொடங்கினாள். வலது கை மணிக்கட்டுக்கு மேலே முறிந்திருந்தது. அந்த உள்ளங்கை விரிந்தபடி இருந்தது, அதற்குள் ஒன்றுமில்லை. இடது கை மூடியிருந்தது. விரித்து எடுக்கக் கஷ்டமாக இருந்தது. துணியை எடுத்தாள். தட்டத்தில் சைக்கிள் கைப்பிடி றப்பர் ஒன்று கிடந்தது. கறுப்பு. நுனியில் சிவப்பு நூல் சுற்றியது. போன தீபாவளிக்கு முந்தின நாள், அந்த நூலை அவள் பல்லால் கடித்து அறுத்தபோது சண்முகநாதன் பக்கத்தில் இருந்தான்.

“இது அவளின்ரை இடக்கைக்குள்ளை இருந்தது” என்றாள் மார்கிரட்.

அவளுடைய சைக்கிளைப் பொலிசார் ஆசுபத்திரி வேலியோடு சாத்தியிருந்தார்கள். சண்முகநாதன் தட்டத்தோடு அங்கே நடந்தான். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். முன்சக்கரம் வளைந்திருந்தது. டைனமோ சக்கரத்தில் சாய்ந்தபடியே இருந்தது. ஹாண்டிலின் இடப்பக்கம் வெறும் இரும்பு. வலப்பக்கத்தில் றப்பர் அப்படியே இருந்தது, சிவப்பு நூல்கூடக் கலையாமல்.

ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். தன் இடது கையை ஹாண்டிலில் வைத்து, வலது கையை மெதுவாக வெளியே நீட்டினார். வேட்டி கட்டிய, எழுபது வயது மனிதர். யாரும் சிரிக்கவில்லை.

விழுகிறபோது கழன்றிருக்கலாம் என்றான் சார்ஜன். கழன்றது அவளின் கைக்குள் எப்படிப் போனது என்று கேட்டார் ஆழ்வாப்பிள்ளை. பிறகு, இது தான் மட்டும் தீர்க்கிற விஷயமில்லை என்றார். வைத்தியர் கையை முறைப்படி பார்த்து எழுதவேண்டும். அந்த வைத்தியர் யாழ்ப்பாணத்திலிருந்து நாளைக் காலைதான் வருவார். இன்றைக்கே வேண்டுமென்றால் கிடக்கிறபடி முடிக்கலாம். விருப்பம் உங்களுடையது, மாஸ்ரர்.

சண்முகநாதன் மாமாவைப் பார்த்தான். கிழவர் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குப் பன்னிரண்டு வயதில், சந்தைக்குப் போகிற தன் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட அவளைப் பழக்கியவர் அவர். கை காட்டச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். சனம் பகிடி பண்ணியபோது, அந்தக் கையைக் கொஞ்சம் இறக்கிக் காட்டு பிள்ளை என்று சொன்னவரும் அவர்தான்.

தம்பிஐயா சால்வையை உதறித் தோளில் போட்டார்.

“ஆட்டுக்கும் காட்டினவள், லொறிக்குக் காட்டாமல் விடுவாளோ” என்றார். பிறகு சார்ஜனிடம் திரும்பினார். “சனிக்கே எடுப்பம். கோழிக்குஞ்சு என்னட்டை இருக்கு.”

அன்று பின்னேரம் வீடு நிறைந்துவிட்டது. பிணமில்லாத செத்தவீடு. அவள் பிள்ளைப்பேறு பார்த்த பெண்கள் ஒன்பது கிராமத்திலிருந்தும் வந்தார்கள். சிலர் அந்தப் பிள்ளைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். தலைகீழாய் வந்த பிள்ளையை இழுத்தெடுத்த கதை, மாரி வெள்ளத்தில் சைக்கிளைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்காலைக் கடந்த கதை என்று ஒவ்வொருத்தியிடமும் ஒவ்வொரு கதை இருந்தது. சனிக்கு எடுக்கிறார்களாமே என்று ஒருத்தி காதுக்குள் கேட்டது அவனுக்குக் கேட்டது. அதற்கு நல்லம்மா மறைக்காமல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: “அவ கூட்டிக்கொண்டு போற ஆளில்லையடி. கொண்டந்து தாற ஆள்.”

எல்லோரும் கடைசியில் அவனிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அது செத்தவீட்டு வழக்கம். கடைசியாய் என்ன சொன்னவ? ஏதாவது சொன்னவவோ? போகிறவர்களுக்கு முதலே தெரியும், ஏதோ ஒன்றைச் சொல்லாமல் போகமாட்டார்கள் என்பது சனத்தின் நம்பிக்கை. சண்முகநாதன் தலையை ஆட்டினான். ஆம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். அவள் சொன்னது அவனுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் இந்த முகங்களில் ஒன்றும் நிறையாது என்று நினைத்தான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வைத்தியரின் அறிக்கை வந்தது. ஆழ்வாப்பிள்ளை பழைய தாளைக் குறுக்கே வெட்டி, புதிதாக எழுதினார். எழுதி முடித்து, எல்லோரும் எழும்பி நிற்க வாசித்தார்.

“இறந்தவர் இடது கையால் சைக்கிளைப் பிடித்து, வலது கையை நீட்டி முறைப்படி சைகை காட்டித் திரும்புகையில், சந்தியில் முந்திச் செல்ல முயன்ற லொறி மோதியதால் மரணம் சம்பவித்தது. இறந்தவரின் பக்கத்தில் எதுவித தவறும் இல்லை.”

தம்பிஐயா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கிட்ட வந்தார்.

“ஐயா, இன்னொருக்கா வாசியுங்கோ.”

ஆழ்வாப்பிள்ளை இன்னொருமுறை வாசித்தார். இந்தமுறை கொஞ்சம் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி, வகுப்பில் வாசிப்பதுபோல. சார்ஜனும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று கேட்டான். லொறிக்காரனைக் கோட்டுக்குக் கொண்டுபோவோம் என்று அவன் சொன்னான். எப்போது என்று சொல்லவில்லை, சண்முகநாதனும் கேட்கவில்லை. பேனையை வாங்கி, பெயர் முழுவதையும் விளங்குகிற எழுத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தான்.

பெட்டியைப் பாண்காரனின் வானில் ஏற்றினார்கள். மாமாவும் மார்கிரட்டும் கூட ஏறினார்கள். அவனையும் ஏறச் சொன்னார்கள். சைக்கிள் நிற்கிறது என்றான். வான் போக, பின்னால் மிதித்தான்.

சந்தியில் பொலிஸ் நின்றது. பழைய கான்ஸ்டபிள்தான். ஐந்தாறு சைக்கிள்களை ஓரங்கட்டி, பிரேக் பார்த்து, மணி பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். சண்முகநாதன் கிட்ட வரும்போது ஒரு மணல் லொறி பின்னால் இரைந்துகொண்டு வந்து, சந்தியிலேயே ஒரு மாட்டுவண்டியை முந்திப் போனது. எல்லோருடைய முகத்திலும் மணல் அடித்தது. கான்ஸ்டபிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கொப்பியைப் பார்த்தான். பிறகுதான் யாரென்று கண்டான். கையை வேகமாக ஆட்டினான்.

“நீங்கள் போங்கோ மாஸ்ரர்.”

சண்முகநாதன் போகவில்லை. இறங்கி, சைக்கிளை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினான்.

“மணி அடிக்காது. எழுதுங்கோ.”

“நான் உங்களைக் கேக்கேல்லையே.”

“சட்டமெல்லோ. எழுதுங்கோ. லொறியையும் எழுதுங்கோ. நம்பர் நான் பாத்தனான்.”

கான்ஸ்டபிள் பெருவிரலால் மணியை அமுக்கினான். ‘கடக்’ என்று ஒரு சத்தம். அவன் தலையைக் குனிந்துகொண்டு எழுதினான். முதலில் சைக்கிள். பிறகு, சண்முகநாதன் சொல்லச் சொல்ல, இன்னொரு தாளில் லொறி நம்பர், நேரம், இடம். எழுதிவிட்டுக் கேட்டான்.

“மணி எப்ப துவங்கி இப்பிடி மாஸ்ரர்?”

“தெரியாது. நேற்று விடியத்தான் தெரியும்.”

“ஆர் சொன்னது?”

சண்முகநாதன் அவன் கிழித்துக் கொடுத்த துண்டுத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினான். அரை மைல் போனதும் அவர்களுடைய ஒழுங்கை வந்தது. தூரத்தில் பறை கேட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் வாகனம் இல்லை. முகப்பில் நல்லம்மாவின் ஆடுகள் மட்டும் நின்றன. அவன் வலது கையைத் தோளுக்கு நேரே நீட்டினான். விரல்களைச் சேர்த்துக்கொண்டான். திரும்பி முடியும்வரை இறக்கவில்லை.

நேற்று ஐந்தே முக்காலுக்குப் படலையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்:

“இஞ்சாருங்கோ, உங்கடை சைக்கிள் மணி அடிக்குதில்லை. திருத்திப்போட்டு எடுங்கோ.”